ஊசி அங்கே, பிள்ளை இங்கே

இலங்கை உக்குவளைப் பக்கத்தில், மேமலை, கீழ்மலை என்று இரண்டு டிவிசன் உள்ள தேயிலைத் தோட்டமொன்றில் கங்காணி அழகையாவின் தங்கச்சி மகள் சந்திரகாந்தா. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தவள். எட்டாம் வகுப்பு படித்தவள் என்று, இனக்கலவரம் நடந்து மூன்றாம் வருஷம் டிஸ்பென்சரியில் பிள்ளைகளின் தடுப்பூசிக் கணக்கான ஊசிப் புத்தகம் எழுதும் வேலையைக் கொடுத்தார்கள். ஆறு மாசம் பார்ப்பார்களாம். சரிவந்தால் வேலை நிரந்தரம். அவள் வம்சத்தில் கொழுந்துக்கூடையை இறக்கிவைத்துப் பேனா பிடித்த முதல் ஆள் அவள்தான்.

ஆறாவது மாசம் அவள் எழுதிய அறிக்கை சிவப்புக்கோட்டோடு திரும்பி வந்தது. டிஸ்பென்சரி ஐயா லெட்சுமணன் தாளை மேசையில் விரித்தார்.

"ஏம்மா, மேமலை டிவிசன்ல கைப்பிள்ளைங்க இருபது. ஊசி போட்டது இருபத்திநாலு. நூத்துக்கு நூத்தியிருபது! பொறக்காத புள்ளைக்கும் குத்திட்டியா?"

சந்திரகாந்தா குனிந்து சிவப்புக்கோட்டைப் பார்த்தாள். அவர் அடுத்த வரிக்குப் போனார்.

"கீழ்மலையில முப்பதுக்குப் பதினெட்டு, அறுபது வீதம். அடியில மொத்தம் தொண்ணூறுன்னு எழுதியிருக்க. மேலிடத்துல எண்பத்திநாலு வருதுங்கிறாங்க. பொய்யா எழுதினதுன்னு நெனைக்கிறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சரிபண்ணு. இல்லன்னா திரும்பப் பிள்ளைக்காம்பராதான்."

மூன்று தரம் கூட்டிப் பார்த்தாள். கூட்டல் பிசகவில்லை; இரண்டு வீதத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் அதே தொண்ணூறுதான் வந்தது. பிறகு ஊசிப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேமலைக்கு ஏறினாள். வரிசை வீடுகளான லயங்களில் காம்பரா காம்பராவாக நின்று இருபத்திநாலு பெயரையும் கூப்பிட்டாள். பதினெட்டுப் பிள்ளைகள் இருந்தன. ஆறைக் காணோம்.

"சுந்தரம்மா சித்தி, ஒங்க மக இலட்சுமியோட புள்ள எங்க?"

சுந்தரம்மா விறகைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "அடி கூறு கெட்டவளே! அவ புருஷன் வீட்டுக்குக் கீழ்மலைக்குப் போயி நாலு மாசமாச்சு. நீதானே ஆரத்தித் தட்டு புடிச்சு அனுப்பி வச்ச? சோத்தையும் ரெண்டு தரம் வாங்கித் தின்ன. அதுவும் மறந்துபோச்சா?"

சந்திரகாந்தா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே! பிள்ளைக்கு ஐந்தாம் மாசம் ஆனபிறகுதான் புருஷன் வீட்டுக்கு அனுப்புவார்கள். அதற்குள் மேமலையில் ஊசி போட்டாகிவிடும், மேமலைப் புத்தகத்தில் ஏறிவிடும். தலையை எண்ணும்போது பிள்ளை கீழ்மலையில் இருக்கும். கலவரத்துக்குப் பிறகு வெளித் தோட்டத்துக்குப் பெண் பார்க்கப் போக எல்லோருக்கும் பயம். கீழ்மலைப் பையன்கள் மேமலையிலேயே பெண் எடுத்தார்கள். மேமலையில் தண்ணீர்க் கஷ்டம் என்று கீழ்மலைக்காரர் அங்கே பெண் கொடுக்கவில்லை. அதனால் ஆறு பிள்ளையும் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டது. இலட்சுமி, காத்தாயியின் இரண்டாவது மகள், நடராஜாவின் கொழுந்தியாள்... விரல்விட்டு எண்ணினாள். ஆறு!

வியாழக்கிழமை திருத்தி எழுதினாள். மேமலை இருபதுக்குப் பதினெட்டு, தொண்ணூறு வீதம். கீழ்மலை முப்பதுக்கு இருபத்திநாலு, எண்பது வீதம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினாள். எண்பத்தைந்து. மேலிடம் சொன்னதோ எண்பத்திநாலு. ஒன்று இடித்தது.

வாசலில் கொக்கோ விதை காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு விதை என்று ஐம்பதை எடுத்து இரண்டு குவியலாக வைத்தாள். ஊசி போடாததை ஒதுக்கினாள்: இருபதில் இரண்டு, முப்பதில் ஆறு. ஐம்பதுக்கு எட்டு மிச்சம். நூற்றுக்குப் பதினாறு. அப்போ போட்டது எண்பத்திநாலேதான்! சின்னக் குவியலையும் பெரிய குவியலையும் ஒரே எடையாக நினைத்துப் பாதி பிரித்ததுதான் அவள் செய்த பிழை. முதல் அறிக்கையில் தொண்ணூறு வந்ததும் அதனால்தான்.

வெள்ளிக்கிழமை லெட்சுமணன் தாளில் விரல் வைத்துக் கூட்டிப் பார்த்தார். "கூட்டல் சரி. அந்த எட்டுப் பிள்ளைங்க யாரு?"

அவள் எட்டுப் பெயரையும், தாய் தகப்பன் பெயரோடு, மூச்சுவிடாமல் சொன்னாள்.

"சனிக்கிழமை எல்லாரையும் கூட்டிட்டு வா. அடுத்த அறிக்கையில தாய்வீட்டுல போட்ட ஊசின்னு தனியா ஒரு கட்டம் கோடு போடு."

சனிக்கிழமை ஏழு பிள்ளைகள் வந்தன. எட்டாவதைக் கீழ்மலைக் கடைசி லயத்திலிருந்து அவளே இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அது ஊசி குத்தியதும் ஊரைக் கூட்டி அழுதது. அந்தச் சத்தத்துக்கு நடுவே லெட்சுமணன் தோட்டத்துரை கையெழுத்துப் போட்ட நிரந்தர வேலைக் கடிதத்தை நீட்டினார்.

"வாங்கும்மா."

"கொஞ்சம் இருங்க ஐயா, இவன் பேரை எழுதிட்டு வாறேன்," என்றாள் சந்திரகாந்தா.