ஞாயிற்றுக்கிழமை வாசனை

முதலில் வந்தது ஒரு புண். என் தம்பி சதீஷுக்கு மூக்கின் கீழும் உதட்டைச் சுற்றியும் சிவந்து, செதில் செதிலாகத் தோல் உரிந்தது. அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். பரு என்றான். பிறகு புது சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றான். அம்மா தேங்காயெண்ணெய் தடவச் சொன்னார். இரண்டு காரணம் சொன்னதால் நான் இரண்டையும் நம்பவில்லை.

நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிறேன். மேல்பாகத்தையும் அடிப்பாகத்தையும் ஒட்டுகிற இடத்தில் என் மேசை. பசை விட்டிருக்கும், தையல் பிசகியிருக்கும் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு ஜோடியையும் கையில் எடுப்பேன். குறை கிடைக்காவிட்டால் நான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று திரும்ப எடுத்துப் பார்ப்பேன். இந்தக் குணத்தை வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு வீட்டுக்குள் போக எனக்குத் தெரியாது.

பிராக்டிகல் வகுப்பில் சதீஷ் மயங்கி விழுந்த அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. வேலூர் மருத்துவமனையின் நடைபாதையில் நிற்கவைத்து டாக்டரம்மா சொன்னார். அவன் முகர்ந்துகொண்டிருந்தது ஷூ ஒட்டும் பசை. எங்கள் ஊரில் அதற்கு ‘சொல்யூஷன்’ என்று பெயர். அவர் அதை ‘இன்ஹேலன்ட்’ (மூச்சில் இழுத்துப் போதையேற்றும் பொருள்) என்றார். நரம்பையும் இதயத்தையும் சேர்த்துக் கெடுக்கும் என்றார்.

“எங்க வீட்டுச் சோறே அதுலதான் வருது டாக்டர்” என்றேன். அழுகையை விடக் கோபம்தான் முதலில் வந்தது.

எங்கே கிடைத்தது என்று அதிகம் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஜாப் ஒர்க் எடுத்து ஷூவின் மேல்பாகம் தைக்கிறார்கள். சொல்யூஷன் டப்பா மூலையில் கிடக்கும். விடுமுறையில் பக்கத்து வீட்டுக்கு ஒத்தாசைக்குப் போனவன் அங்கேதான் இந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டான்.

சில வாரங்கள் உள்நோயாளியாக இருந்தான். கை நடுக்கம் குறைந்தது. புண் ஆறியது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, “ரிலாப்ஸ் (விட்ட பழக்கம் திரும்பப் பிடித்துக்கொள்வது) வந்தாலும் வரலாம். வந்தா திட்டாம இங்க கூட்டிட்டு வாங்க” என்றார். வரலாம் என்றது மட்டும்தான் என் காதில் ஏறியது. வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனையில் இது அகப்படாது என்றும் சொன்னார். அப்படியானால் என் மூக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவரைக் காவல் காக்கிறீர்கள் என்றால் நான் செய்ததையெல்லாம் நீங்களும் செய்திருப்பீர்கள். சட்டைக் காலர், தலையணை உறை, பாக்கெட் மடிப்பு. குளியலறையில் தண்ணீர் சத்தம் நின்றால் கதவருகே போய் நிற்பது. வேலை முடிந்து வந்ததும் முதல் காரியமாக அவன் முகவாயைப் பிடித்து, பக்கத்தில் இழுத்து மோந்து பார்ப்பேன். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பான். எதையோ மறைக்கத்தான் மூச்சை அடக்குகிறான் என்று அதையும் மனதில் குறித்துக்கொள்வேன்.

கல்லூரி அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. இன்னொரு முறை படிப்பு நின்றால் டி.சி.தான் என்று முதல்வர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அங்கே ஒரு பேராசிரியர், போதையிலிருந்து மீண்டுவரும் மாணவர்களை வாரம் ஒருமுறை உட்காரவைத்துப் பேசுகிறார். சதீஷும் அந்தக் குழுவில் சேர்ந்தான். அங்கே பேசுவதை வெளியே சொல்லக் கூடாது என்பது அவர்கள் விதி. வீட்டில் சொல்ல முடியாத பேச்சு என்னவாம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொடியில் தொங்கிய அவன் சட்டையை எடுத்தபோது அடித்தது. சொல்யூஷன். சந்தேகமே இல்லை. வருடக்கணக்காக அதோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். மூக்கில் வைத்துத் திரும்பப் பார்த்தேன். தலையணையிலும் இருந்தது.

சட்டையைத் திரும்பக் கொடியில் போட்டேன். கையும் களவுமாகப் பிடிக்க நினைத்தேன். வார நாட்களில் அந்த வாசனை இல்லை. அடுத்த ஞாயிறு மறுபடி வந்தது. சனிக்கிழமைகளில் முகர்கிறான் என்று முடிவு கட்டினேன்.

“வுடுடி, புள்ள நல்லாத்தான கீறான்” என்றார் அம்மா. அம்மாவுக்கு எல்லா ஷூவும் நல்ல ஷூதான்.

இன்னொன்றும் இருந்தது. நான் வீட்டுக்குள் நுழைந்து அவனை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்ததும் அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான். ஒருநாள் ஜன்னலோரம் நின்று கேட்டேன்.

“வந்துடுச்சு தோஸ்த். நீ கிளம்பி வா” என்றான்.

சரக்கு வந்துவிட்டது. எனக்கு அப்படித்தான் கேட்டது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பாலாற்று மணலில், காற்று நன்றாக அடிக்கிற மேட்டில் உட்கார்ந்திருந்தான். தள்ளி நின்று பார்த்தேன்; அரை மணி கழித்து, வாணியம்பாடியிலிருந்து அவனோடு படிக்க வரும் இம்ரான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நேராகப் போய் இம்ரானின் பையைப் பிடுங்கி மணலில் கவிழ்த்தேன். ரெக்கார்டு நோட்டு, தண்ணீர் பாட்டில், மிளகாய்த்தூள் தடவிய கொய்யாக்காய்.

“இன்னா தேடுறீங்க அக்கா?” என்றான் இம்ரான். குரலில் கோபம் இல்லை. அதுவே நடிப்பாகத் தெரிந்தது.

“வண்டில ஏறுடா” என்றேன் சதீஷிடம்.

“நீ போக்கா. நான் நடந்து வர்றேன்.”

“ஏறுன்னு சொல்றேன்.”

“உன் பின்னாடி உக்கார முடியாதுக்கா” என்றான்.

என் பின்னால் உட்கார முடியாத அளவுக்கு வெறுத்துவிட்டான் என்று நினைத்தேன். பழக்கம் திரும்பியிருக்காவிட்டால் இப்படிப் பேசுவானா? மறுநாளே மருத்துவமனையில் திரும்பச் சேர்ப்பது என்று தீர்மானித்தேன். “பரீட்சை வர்ற நேரத்துல இட்டுனு போறியேடி, படிப்பு போய்டும்டி” என்று அம்மா அழுதார். போனால் போகட்டும், உயிராவது மிஞ்சட்டும் என்றேன். சதீஷ் துணியை மடித்து வைத்தான்.

வேலையிலிருந்து பாதியில் பர்மிஷன் போட்டுவிட்டு, கம்பெனி கோட்டோடு அப்படியே சதீஷைக் கூட்டிக்கொண்டு வேலூர் போனேன். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார்.

“வாசனை என்னிக்கெல்லாம் வருது?”

“ஞாயித்துக்கிழமை. சனிக்கிழமை பண்றான் டாக்டர்.”

“திங்கட்கிழமை?”

“காலைல லேசா. அப்புறம் வராது. உஷாராயிடுவான்.”

“பண்டிகைக்கு லீவு வந்துச்சே, அப்போ?”

“அப்போ தினமும் வந்துச்சு. லீவுல ஜாஸ்தி பண்ணிட்டான்.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “லீவு அவனுக்கா, உங்களுக்கா?”

எனக்குப் புரியவில்லை. அவர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். “நீங்க உள்ள வந்ததுல இருந்து எனக்கு அந்த வாசனை வருதும்மா. உங்களுக்கு வருதா?”

வரவில்லை. கோட்டின் கையை மூக்கில் வைத்து அழுத்தி இழுத்தேன். ஒன்றுமே வரவில்லை. நாள் முழுவதும் ஒரே வாசனையில் இருந்தால் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும், ஒரு நாள் விலகியிருந்தாலே திரும்பச் சொல்ல ஆரம்பிக்கும் என்று அவர் விளக்கினார். எங்கள் வீட்டில் ஒரே கொடிதான். என் கோட்டின் மேலேயே அவன் சட்டை தொங்கும். வாரம் முழுவதும் வீட்டில் இருந்த அந்த வாசனையை என் மூக்கு விடுமுறை நாளில்தான் கண்டுபிடித்திருக்கிறது.

சதீஷ் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். “நீ கேட்டைத் திறக்கும்போதே வரும்க்கா. பக்கத்துல இழுத்து மோந்து பாக்கற பாரு, அப்போதான் ஜாஸ்தி. மூச்சை அடக்கிக்குவேன். அப்புறமும் தாங்கலன்னா இம்ரானைக் கூப்பிடுவேன்.”

‘தோஸ்த்’ என்பது அவர்கள் குழுவில் ஆளுக்கொருவராக வைத்துக்கொண்ட துணை. ‘கிரேவிங்’ (அடக்க முடியாத ஏக்கம்) வந்தால் தோஸ்தைக் கூப்பிட வேண்டும், அவன் வந்து கூட உட்கார வேண்டும். “வந்துடுச்சு” என்று சதீஷ் போனில் சொன்னது அந்த ஏக்கத்தைத்தான். ஏக்கத்தைக் கிளப்பிவிடும் பொருளோ இடமோ ஆளோ எதுவானாலும் அதற்கு ‘டிரிக்கர்’ என்று பெயர் என்றார் டாக்டரம்மா. ஆளோ என்றபோது என்னைப் பார்க்காமல் இருக்க முயன்றார்.

“ஏண்டா சொல்லல?”

“சொன்னா வேலைய வுட்ருவ. இந்த ஊர்ல வேற இன்னா வேலை கீது?”

அவனைச் சேர்க்கவில்லை. மடித்த துணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தோம். அவன் பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்தான், நான் கடைசியில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் அழுதேன். பரீட்சை எழுதினான்.

பேக்கிங் பகுதிக்கு மாற்றல் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. கோட்டைக் கம்பெனியிலேயே விட்டுவிடுகிறேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே போவது. முன்பெல்லாம் கம்பெனி மணி அடித்தால் என் நாள் முடிந்தது. இப்போது குளித்துவிட்டுப் பின்கதவில் நின்று, “வருதாடா?” என்று கேட்டு, அவன் பதில் சொல்கிற வரைக்கும் முடிவதில்லை. என் உடம்பில் இருப்பது எனக்குத் தெரியாது. அவனைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆரம்பத்தில் “வரல” என்பான். கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிடுவான். என் மனசு கஷ்டப்படக் கூடாதென்று பொய் சொல்கிறான் என்று சந்தேகம் வரும். திரும்பப் போய்ச் சோப்புப் போடுவேன். அவன் ‘வரல’ என்ற எந்த நாளும் நான் நம்பியதில்லை.

போன வாரம் ஒரு சாயங்காலம் கேட்டபோது உடனே பதில் வரவில்லை. கதவைத் திறந்தான்.

“வருதுக்கா. தலைமுடியிலதான். இரு, தண்ணி எடுத்தாறேன்.”

அந்தப் பதிலைத் திரும்ப எடுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. குழாயடியில் தலையைக் குனிந்து நின்றேன். அவன் கையை நீட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, சொம்பு சொம்பாக ஊற்றினான்.