கயிற்றில் முன்னால் போகிறவள்

கொரியாவின் சொக்சோ ஊரில் ஒருத்தியை அக்கா என்று கூப்பிட அவள் உங்களைவிட மூத்தவளாக இருக்க வேண்டும் என்பதில்லை. மலையேறும் சங்கத்தில் உங்களுக்கு முன்னால் பெயர் கொடுத்திருந்தால் போதும். அப்படித்தான் மா சுன்தோக், தன்னைவிட ஒரு வயது சின்னவளான பியோ ஒக்சனை வாய் நிறைய அக்கா என்று அழைத்துக்கொண்டிருந்தாள். சுன்தோக் பள்ளி முடித்து மீன் ஆலையில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவள். ஒக்சன் நேரே வந்துவிட்டாள், சங்கத்திலும் ஒரு வருடம் முந்திக்கொண்டாள். முந்தியவள் அக்கா, பிந்தியவள் தங்கச்சி. பிறந்த வருடத்தை எவனும் கேட்க மாட்டான். சோற்றுத் தட்டு நீட்டுவதிலிருந்து கயிற்றில் யார் முன்னால் போவது என்பது வரை எல்லாவற்றுக்கும் அதே வரிசைதான்.

ஒக்சனின் அம்மா துறைமுகத்தில் கணவாய் மீன் கிழித்துக் காயப்போடுகிறவர். மகள் ஒவ்வொரு சனிக்கிழமையும் கயிற்றைத் தூக்கிக்கொண்டு சொராக் மலைக்குக் கிளம்பும்போது வாசலை மறித்துக்கொண்டு நிற்பார்.

"மலையில என்னடி கிடைக்குது? கணவாயா?"

"குளிரு கிடைக்குதும்மா."

"அது இங்கேயே சும்மா கிடைக்குதே! கத்தியை எடு, வந்து உக்காரு."

ஒக்சன் உட்கார்ந்ததில்லை. ஒன்று பிடித்தால் உடும்புப்பிடி. அந்தக் காலத்தில் சங்கத்து ஆண்கள் பெண்களைச் சோறு பொங்கத்தான் கூட்டிப்போனார்கள். முதல் வருடம் பொங்கிப் போட்டாள். இரண்டாம் வருடம் ஜனவரியில், பெரிய அருவி உறைந்து நின்றபோது, பானையை அடுப்பிலேயே விட்டுவிட்டு, பனிக்கோடாரி இரண்டையும் எடுத்துக்கொண்டு பாதி உயரம் ஏறிவிட்டாள். கீழே ஆண்கள் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றார்கள். கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவள் அப்போதுதான் சங்கத்தில் சேர்ந்த சுன்தோக். அன்றிலிருந்து அந்தக் கயிறு மாறவே இல்லை. முன்னால் ஒக்சன், பின்னால் சுன்தோக்.

முப்பதைத் தாண்டியபோது இருவரும் நேபாளத்துக்குப் போனார்கள். எட்டாயிரம் மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் மலை. அதற்கு ஒரு பெயர் உண்டு, ஆனால் சொக்சோவில் அதை 'ஒக்சனோட மலை' என்றுதான் சொல்வார்கள். பாதிப் பேர் மரியாதையாக, மீதிப் பேர் நக்கலாக. ஒரு காலணி நிறுவனம் கொடி கொடுத்து அனுப்பியிருந்தது. உச்சியில் கொடியைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்க வேண்டும். படம் இல்லையென்றால் ஏறியது ஏறாத கணக்குதான்.

உச்சி கூப்பிடு தூரத்தில் இருந்தது. வழியெல்லாம் ஒக்சன் திரும்பித் திரும்பிக் குரல் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

"நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேங்க்கா."

ஒரு பாறை மறைவில் தண்ணீர் குடிக்க நின்றபோது குடுவையின் மூடியை சுன்தோக்கால் திறக்க முடியவில்லை. ஒக்சன் அவளுடைய கையுறையை உருவிப் பார்த்தாள். இடது கையில் இரண்டு விரல்கள் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்து, தட்டினால் சத்தம் வந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு சுன்தோக் கையுறையைத் திரும்ப மாட்டிக்கொள்ளப் பார்த்தாள். அக்கா முன்னால் போகும்போது தங்கச்சி எனக்கு முடியவில்லை என்று சொல்வதா? சங்கத்தில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது.

ஒக்சன் உச்சியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டுக் கயிற்றை இறங்குகிற பக்கம் திருப்பினாள்.

இரண்டு விரல் நுனிகள் போயின. காலணி நிறுவனம் மடித்த கொடியை மடித்தபடியே வாங்கிக்கொண்டது, அத்தோடு பேச்சு முடிந்தது. துறைமுகத்தில் மீன் வாங்க வந்தவர்கள்கூட ஒக்சனின் காதுபடவே பேசினார்கள். "அவ்வளவு தூரம் போய் எட்டிப் பாக்காமயா வருவாங்க? பொம்பளைங்கன்னாலே இப்படித்தான்." இரண்டு விரலுக்காக ஒரு மலையை விட்டுவிட்டு வந்தவளை அந்த ஊர் பேசிய பேச்சு இருக்கிறதே, அதற்கு அந்த வாய்களுக்குத்தான் பனிக்கடி வந்திருக்க வேண்டும்.

மேடைப் பேச்சு தற்செயலாக வந்தது. வொன்ஜுவில் ஒரு நூல் ஆலையில் மேற்பார்வையாளர்களுக்குப் பேச வேண்டியவர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட, யாரோ ஒக்சனைப் பிடித்து அனுப்பினார்கள். அவள் மேடையேறி, நான் உச்சிக்குப் போகவில்லை என்று ஆரம்பித்தாள். ஏற்பாடு செய்தவருக்கு முகம் செத்துப்போனது. ஒக்சன் கண்டுகொள்ளவில்லை. விரல் கதையைச் சொன்னாள். சொல்லிவிட்டு முன்வரிசையைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்களுக்குக் கீழே வேலை செய்யறவங்க கடைசியா எப்போ உங்ககிட்ட 'முடியாது'ன்னு சொன்னாங்க? ஞாபகம் இல்லையா? அப்போ உங்க ஆலையில யாரோ கையுறைக்குள்ள விரலை ஒளிச்சு வெச்சிருக்காங்க."

அந்த ஆலையில் சில வாரங்களுக்கு முன்புதான் ஒரு தொழிலாளி, இயந்திரம் பழுது என்று மேலே சொல்லப் பயந்து ஓட்டி, கையை முறித்துக்கொண்டிருந்தார். ஒக்சனுக்கு அது தெரியாது. கேட்டவர்கள் போகிற இடமெல்லாம் அவள் பேச்சைச் சொன்னார்கள். அதற்கப்புறம் அழைப்புக்குப் பஞ்சமில்லை. கப்பல் கட்டுகிற இடம், வங்கி, தீயணைப்புப் பள்ளி என்று நாடு முழுக்க மைக்கைப் பிடித்துக்கொண்டு சுற்றினாள். தலைமை என்றால் என்ன என்று கேட்டால், கீழே இருப்பவனை எதிர்த்துப் பேசவிடுவது என்பாள். கைதட்டல் கூரையைப் பிய்க்கும்.

சுன்தோக் ஊரிலேயே குளிர்ந்த நூடுல்ஸ் கடை வைத்தாள். ஒக்சன் ஊரில் இருந்தால் மதியச் சாப்பாடு அங்கேதான்.

"என் விரலை வித்தே வீடு வாங்கிட்டீங்க, அக்கா. ஒரு ஜன்னலாவது என் பேர்ல எழுதி வெக்கக்கூடாதா?"

"எழுதறேன், எழுதறேன். முதல்ல வேற முள்ளங்கி ஊறுகா கொண்டா. இதுல உப்பு கம்மி."

"கம்மியா? நேத்து அதிகம்னீங்க?"

"கம்மின்னா கம்மி."

"சரிங்க்கா."

கேட்டீர்களா? எதிர்த்துப் பேசவிடுங்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவள், சுன்தோக்கின் கடையில் சுன்தோக்கின் முள்ளங்கிக்கே உப்புச் சட்டம் போட்டாள். இருவருக்குமே அது உறைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

ஐம்பதைத் தாண்டிய ஒரு குளிர்காலத்தில் ஒக்சனின் வலது முட்டி முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. மருத்துவர் இன்னும் ஒரு பெரிய மலைதான் தாங்கும் என்றார். அன்று மாலையே கடைக்கு வந்து நின்றாள்.

"கிளம்பு, சுன்தோக். அந்த மலைக்குத் திரும்பப் போறோம்."

"யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க?"

"என் முட்டியைக் கேட்டு."

சுன்தோக் சிரித்துவிட்டாள், ஏப்ரலில் கடையைப் பூட்டினாள்.

கிளம்புவதற்கு முன் சங்கம் மலைக்குப் படையல் வைத்தது. பன்றித்தலையும் அரிசிக் கள்ளும் வைத்து ஒவ்வொருவராகக் குப்புற விழுந்து வணங்கினார்கள், சேர்ந்த வருட வரிசையில்தான். ஒக்சன் மண்ணில் நெற்றியை வைத்தவள் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. மேடையில் உச்சிக்குப் போகாததைப் பெருமையாகச் சொன்னவளுக்கு, உள்ளுக்குள் அந்த உச்சி அத்தனை வருடமும் தொண்டையில் சிக்கிய முள். ஒரே ஒரு தடவை, ஒரு நிமிடம் அங்கே நின்றுவிட்டால் போதும், அப்புறம் முட்டி போனாலும் போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

மலையில் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. தெண்டி என்ற ஷெர்பா வழிகாட்டி கயிறு போட்டார், வானம் கண்ணாடியாக இருந்தது. உச்சிக்குக் கிளம்பிய அன்று விடிந்து வெயில் ஏறியபோது அந்தப் பழைய பாறை மறைவையும் தாண்டிவிட்டார்கள். ஒக்சன் அதைத் தாண்டும்போது ஊன்றுகுச்சியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

கொஞ்ச தூரம் போனதும் அவள் கால்கள் பின்ன ஆரம்பித்தன. முதலில் சுன்தோக் அது முட்டி என்று நினைத்தாள். அப்புறம் ஒக்சன் வலது கையுறையை இடது கையில் மாட்ட முயன்று, மாட்ட முடியாமல் சிரித்தாள். கயிறு மாற்றுகிற இடத்தில் பழைய கயிற்றையும் விட்டுவிட்டு, புதுக் கயிற்றிலும் கொக்கியை மாட்டாமல் சும்மா நின்றாள். கீழே பள்ளம். தெண்டி பாய்ந்து மாட்டிவிட்டார். சுன்தோக்கைப் பார்த்து, இனி மேலே வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தார்.

"அக்கா, தலை வலிக்குதா?"

"இல்ல."

"நேரா பத்து அடி நடந்து காட்டுங்க."

"நான் என்ன குடிகாரியா? போ, போ, இன்னும் கொஞ்சம்தான்."

"இந்த உயரத்துக்கு உங்க மூளையில நீர் ஏறுதுக்கா. இறங்கணும்."

"எனக்கு ஒண்ணுமில்ல! நான் சொல்றேன் இல்ல? நான்தான் முன்னாடி போறேன், நீ பின்னாடி வா. அவ்வளவுதான்."

சங்கம் சொல்லிக்கொடுத்தபடி நடந்தால் அடுத்த வார்த்தை 'சரிங்க்கா'. சுன்தோக்கின் நாக்கு நுனிவரை அது வந்துவிட்டது. அந்தப் பாழாய்ப்போன வார்த்தையை விழுங்கிவிட்டு ஒக்சனுக்கு முன்னால் போய்ப் பாதையை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"அடியே ஒக்சன்!"

காதில் விழுந்தது நிஜம்தானா என்று ஒக்சனுக்குச் சந்தேகமாக இருந்தது.

"என்ன சொன்னே?"

"பேரைச் சொன்னேன். உன்னைவிட ஒரு வயசு மூத்தவடி நான். பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு என்ன தடை? திரும்பு. இப்பவே திரும்பு."

"யாரைப் பாத்துடி..."

"உன்னைப் பாத்துத்தான்! இன்னும் நாலு அடி மேல போனா, உங்க அம்மாகிட்ட நான் என்ன பதில் சொல்லுவேன்? கணவாய் கிழிக்கிற கத்தியால என்னைக் கிழிச்சுடுவாங்க. இறங்குடி!"

ஒக்சனுக்குக் கோபம் தலைக்கேறியது. அறைந்துவிடலாம் என்று கையைக்கூட ஓங்கினாள், கை அவள் சொன்ன திசையில் போகவில்லை. எங்கோ காற்றில் அலைந்தது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கே பயம் வந்தது. உச்சி அங்கேதான் இருந்தது, வெள்ளையாக, சும்மா. பார்த்துக்கொண்டே அழுதாள். குழந்தை மாதிரி, வெட்கமே இல்லாமல் அழுதாள்.

"நீயாவது போ. தெண்டி என்னைக் கூட்டிட்டு இறங்குவாரு. நீ போ, இது என் உத்தரவு."

"உத்தரவா? போடி. கயிற்றை மாத்துறேன், நீ பின்னாடி வா."

இறங்கினார்கள். சுன்தோக் முன்னால், ஒக்சன் நடுவில், மேலே கயிற்றைப் பிடித்தபடி தெண்டி. உயரம் குறையக் குறைய ஒக்சனின் கால்கள் அவளுக்கே திரும்பி வந்தன. அடிவார முகாமில் ஆக்சிஜனோடு படுத்து எழுந்தபோது தலை தெளிந்திருந்தது. சுன்தோக் நூடுல்ஸ் வேகவைத்துக் கொண்டுவந்தாள்.

"சாப்பிடுங்கக்கா."

பழையபடி அக்கா. பழையபடி ங்க. ஒக்சன் கிண்ணத்தை வாங்கவில்லை.

"மேல பேசின மாதிரி பேசு."

"அது மலை. இது முகாம்."

"அன்னைக்கும் மலைதானே? விரல் செத்துக்கிட்டு இருந்தப்போ இப்படி ஒரு வார்த்தை பேசியிருந்தா விரல் இருந்திருக்கும் இல்ல? ஏன் பேசல?"

சுன்தோக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். தன் குட்டை விரல்களைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க 'நல்லா இருக்கியா'ன்னு கேட்டீங்க. நல்லா இருக்கேன்னு சொல்றதைத் தவிர அதுக்கு வேற பதில் உண்டா? 'போகலாமா, திரும்பலாமா'ன்னு ஒருநாளும் கேட்டதில்ல. எத்தனை மேடை, எத்தனை ஆயிரம் பேர், எல்லார்கிட்டயும் கேட்டீங்க. என்கிட்ட மட்டும்தான் கேட்கல."

ஒக்சனுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. கிண்ணத்தை எடுத்து நூடுல்ஸைச் சாப்பிட்டாள். உப்பு அதிகமாக இருந்தது, அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஊர் திரும்பியதும் பேச்சு வந்தது. இரண்டாவது தடவையும் கோட்டை விட்டாளாம், இனிமேல் எந்த முகத்தோடு மேடையேறுவாளாம். ஒக்சன் அடுத்த வாரமே மேடையேறினாள். உச்சியைப் பற்றி இரண்டே வாக்கியம் பேசிவிட்டு, மீதி நேரம் முழுக்கத் தன்னை இறங்கச் சொன்னவளைப் பற்றிப் பேசினாள். அழைப்புகள் கொஞ்சம் குறைந்தன. அலட்டிக்கொள்ளவில்லை. காலையில் எழுந்து முட்டிக்குப் பயிற்சி செய்தாள். மருத்துவர் சொன்னதை மருத்துவரே மறுபடி யோசிக்கும் அளவுக்குச் செய்தாள்.

இலையுதிர்காலத்தில் சங்கத்துக்காரர்கள் சுன்தோக்கின் கடையில் கூடினார்கள். தலைவர் நாம்குங் அரிசிக் கள் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். பழைய ஆள், வரிசை தப்பினால் சாமி வந்து ஆடுவார்.

"ஒக்சன், மூணாவது தடவையா அந்த மலைக்குப் போறதா கேள்விப்பட்டேன். குழுத் தலைவி நீதானே? எப்போ கிளம்பறே, சொல்லு."

"எனக்குத் தெரியாதுங்க. இன்னும் கேட்கல."

"யாரைக் கேட்கணும்? இப்ப மலையேறுறவங்கள்ல சங்கத்துல உனக்கு மூத்தவங்க யாரு இருக்கா?"

ஒக்சன் எழுந்து அடுப்பங்கரை வாசலுக்குப் போனாள். உள்ளே சுன்தோக் முழங்கைவரை மாவோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அடுத்த வசந்தத்துல போகலாமா, வேண்டாமா? நீங்க வேண்டாம்னா இல்ல."

நீங்க! கடையில் நூடுல்ஸ் எடுத்த குச்சிகள் அந்தரத்தில் நின்றன. நாம்குங் கிண்ணத்தை வைக்கிற இடம் தெரியாமல் பக்கத்து ஆளின் தட்டில் வைத்தார். சுன்தோக் அவர்களையெல்லாம் பார்த்தாள், ஒக்சனின் முட்டியைப் பார்த்தாள், மாவைத் தட்டிவிட்டாள்.

"குளிர்காலம் முழுக்க உன் முட்டி தாங்கினா போகலாம். தாங்கலைன்னா நான் உன்னைக் கட்டிப் போட்டுருவேன். அப்புறம், கயிற்றில முன்னாடி நான்தான் போவேன்."

"சரிங்க்கா" என்றாள் ஒக்சன்.