ஐந்தாம் குப்பியின் உறவுமுறை

அந்த ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் அவருக்குச் ‘சொந்தக்காரர்’ என்று பட்டப்பெயர். மனிதச் சொந்தங்கள் விஷயத்தில் அவர் சுத்த மோசம். கல்யாண வீட்டில் எதிரே வருபவர் சித்தப்பாவா மாமாவா என்று மனைவி காதைக் கடித்தால்தான் உண்டு. கிருமிகளின் உறவுமுறை மட்டும் அத்துப்படி. நோயாளியிடம் எடுத்த கிருமியின் மரபணுவை இயந்திரம் எழுத்தெழுத்தாகப் படித்துக் கொடுக்கும், ஐம்பது லட்சம் எழுத்துக்கு மேல். இரண்டு கிருமிகளுக்குள் நாலைந்து எழுத்து மட்டும் மாறியிருந்தால், “கூடப்பொறந்ததுங்க” என்பார். முப்பது நாற்பது என்றால், “ஒன்னுவிட்ட தங்கச்சி.” ஆயிரக்கணக்கில் போனால், “பேருதான் ஒன்னு. ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.” டாக்டர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களும் அப்படியே பேச ஆரம்பித்தார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று பேருக்கு எந்த மருந்துக்கும் அசையாத கிருமி தொற்றியது. ஒருவர் இறந்துபோனார். அங்கே வேலை பார்க்கும் எல்லோர் கையையும் பஞ்சுக்குச்சியால் துடைத்துச் சோதித்தார்கள். ஒரே ஒருவர் கையில் அதே கிருமி. சொந்தக்காரரின் மனைவிதான் அது. இருபத்திரண்டு வருஷ நர்ஸ்.

அவளை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். தோல் வெடிக்கும்வரை கையைக் கழுவினாள்.

“நான்தாங்க அவங்களுக்குக் குடுத்திருக்கேன். இனிமே ஒரு நோயாளியையும் தொட மாட்டேன்.”

ராஜினாமாக் கடிதமும் எழுதிவிட்டாள், திங்கட்கிழமை கொடுப்பதற்கு. ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷன், வெந்நீர் வேண்டுமா என்று மூன்று தரம் கேட்டார்.

மறுநாள், அந்தக் கிருமிகளின் உறவைத் தானே பார்ப்பதாகத் தலைமை டாக்டர் முன்னால் போய் நின்றார்.

“உங்க வீட்டு விஷயம். வேற யாராவது பண்ணட்டுமே” என்றார் டாக்டர்.

“இந்த வேலைக்கு வேற ஆள் இல்லையே டாக்டர். பேரை மறைச்சு நம்பர் மட்டும் போட்டுக் குடுங்க. எது யாருதுன்னு எனக்குத் தெரிய வேணாம்.”

ஐந்து குப்பிகள் வந்தன. மூன்று நோயாளிகளுடையவை, ஒன்று மனைவியின் கையில் எடுத்தது, ஒன்று வார்டு வாஷ்பேசினின் கழிவுநீர்க் குழாயில் எடுத்தது. எது எது என்று டாக்டருக்கு மட்டும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கணக்கு வந்தது. ஐந்தும் ஒரே குடும்பம். கிருமி பெருகப் பெருக எழுத்துப் பிழை கூடும். தாயின் பிழையைப் பிள்ளையும் சுமக்கும், தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தும் வைக்கும். அப்படிப் பார்த்தால் பிழை குறைந்த இரண்டாம் குப்பிதான் தாய். ஐந்தாம் குப்பி மற்றவற்றின் பிழைகளையெல்லாம் சுமந்து கடைசியில் நின்றது.

‘தொற்று இரண்டாம் எண்ணிலிருந்து பரவியிருக்கிறது’ என்று எழுதினார். அந்த இரண்டு அவளாக இருந்தால்? ஆனாலும் அறிக்கையை அனுப்பினார். அதன் பிறகே டாக்டருக்குப் போன் போட்டுப் பட்டியலைக் கேட்டார். இரண்டு, கழிவுநீர்க் குழாய். ஐந்து, மனைவி.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“ரெண்டாம் நம்பர்தான் தாய், அது வாஷ்பேசின் குழாய்! உன் கையில இருந்தது கொள்ளுப்பேத்திடி! கொள்ளுப்பேத்தி போய்ப் பாட்டியைப் பெத்துப் போடுமா? அவங்ககிட்ட இருந்து உனக்கு ஒட்டியிருக்கு. உன்னால யாருக்கும் போகல.”

அவள் சிரிக்கவில்லை. “புருஷன் எழுதின ரிப்போர்ட். நானே எப்படிங்க நம்புறது?”

“நம்பரை மட்டும் பார்த்துத்தான் எழுதினேன். அனுப்பினப்புறம்தான் எது உன்னுதுன்னு தெரியும்.”

“ரெண்டாம் நம்பர் நானா இருந்திருந்தா?”

“அப்பவும் அனுப்பியிருப்பேன். அனுப்பிட்டு உக்காந்து அழுதிருப்பேன்.”

“அப்படின்னா நம்புறேன்” என்றாள். பிறகு எழுந்துபோய் நாளைக்கு வேண்டிய யூனிஃபார்மை இஸ்திரி போட ஆரம்பித்தாள்.