ரெண்டு மார்க்கு

சமூகப்பணி முதுகலையில் முதலாண்டு முடிந்த கோடையில் எங்களை ஆளுக்கொரு இடத்துக்கு இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்பினார்கள். எனக்குக் கிடைத்தது சித்தேரி மலை. அரூரில் பஸ் ஏறி, வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்து, மலையாளிப் பழங்குடி மக்களின் ஓர் ஊரில் போய் இறங்கினேன். ஏழு வாரம் அங்கே தங்கி, பத்தாவதிலிருந்து பிளஸ் டூ முடித்தவர்கள்வரை உள்ள பிள்ளைகளுக்கு முகாம் நடத்த வேண்டும். மேற்படிப்பு, அரசு உதவிகள், தன்னம்பிக்கை. இந்தக் கடைசிச் சொல்லைப் பச்சை ஸ்கெட்சால் பெரிதாக எழுதிப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினேன்.

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையோரம் பஞ்சர் கடை வைத்திருப்பவர் என் அப்பா. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதனால் மலைப் பிள்ளைகளின் கஷ்டம் எனக்குச் சொல்லாமலே புரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் மூன்று நாள் நான்கு பேர்தான் வந்தார்கள். நான்காம் நாள் ஒரு பெண் வந்து வாசலிலேயே நின்று சுவரைப் படித்தாள்.

"அக்கா, தன்னம்பிக்கைல ஒரு எழுத்து விட்டுட்டீங்க."

திரும்பிப் பார்த்தேன். 'தன்னபிக்கை' என்று இருந்தது. அவளே ஸ்கெட்சை வாங்கி, இடுக்கில் ஒரு 'ம்' போட்டாள். மறுநாள் வீடு வீடாகப் போய்ப் பதினான்கு பேரைக் கூட்டி வந்தாள். அந்த முகாம் நடந்ததே அவளால்தான். சாயங்கால வாலிபாலில் தானும் ஆடுவாள், புள்ளியும் எண்ணுவாள், எண்ணிக்கையில் ஏமாற்றும் பையன்களைப் பெயர் சொல்லித் திட்டுவாள்.

அந்த வருடம் பிளஸ் டூவில் அந்த ஊரிலேயே அதிக மார்க் அவளுக்கு. நர்சிங் படிக்க ஆசை. ஊருக்கு வந்து போகும் சுகாதார நர்ஸ் அவளிடம் ஒரு தெர்மாமீட்டரைக் கொடுத்து வைத்திருந்தார். யாருக்காவது உடம்பு சுட்டால் அவள் வீட்டுக்குத்தான் போவார்கள். யாருக்கு, எந்த நாள், எவ்வளவு சூடு என்று இயற்பியல் நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருந்தாள்.

"நர்சம்மா மாசத்துக்கு ரெண்டு தடவ வர்றாங்க. காய்ச்சலு அவங்க வர்ற நாளப் பாத்தா வருது?" என்பாள்.

நர்சிங் விண்ணப்பத்தை இணையத்தில் போட வேண்டும். ஊரில் டவர் கிடையாது. மேற்கே ஒரு பாறைமேல் ஏறி நின்றால் இரண்டு கோடு வரும், அதுவும் பேச மட்டும். திங்கட்கிழமை மாலை கடைசி நேரம். சனிக்கிழமை நான் ஊருக்குக் கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை மாரண்டஹள்ளியில் பெரியம்மா மகளுக்குக் கல்யாணம்.

"நானும் அரூர் வரைக்கும் வர்றேன் அக்கா. பிரவுசிங் சென்டர்ல உக்காந்து போட்டுட்டு மத்தியான பஸ்ஸுக்கு வந்துர்றேன்" என்றாள்.

"நீ எதுக்கு வெட்டியா அலையற? வீட்ல லேப்டாப் இருக்கு. நான் பாத்துக்கறேன்."

சான்றிதழ்களை எல்லாம் என் போனில் படம் பிடித்துக்கொண்டேன். விண்ணப்பத்தில் கொடுப்பதற்கும் என் நம்பர்தான். அவள் அப்பா பஸ் நிற்கும் இடம்வரை வந்து, "நீங்க படிச்சவங்க டீச்சர். பாத்து செய்ங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அந்தக் கும்பிடு எனக்குப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை சாயங்காலமே விண்ணப்பத்தை நிரப்பிவிட்டேன். பெயர், மார்க், புகைப்படம் எல்லாம் ஏறின. சாதிச் சான்றிதழ் மட்டும் ஏறவில்லை. ஃபைல் பெரிதாக இருக்கிறது என்று மூன்று தடவை திருப்பி அனுப்பியது. அதைச் சின்னதாக்க ஐந்து நிமிடம் போதும். நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடி வைத்தேன். ஞாயிறு கல்யாணத்தில் போனது. திங்கட்கிழமை முழுக்க உட்கார்ந்து இன்டர்ன்ஷிப் அறிக்கை எழுதினேன், அன்றைக்கே பேராசிரியருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அட்டைப் படத்துக்கு அவள் கையில் பந்தை வைத்துச் சிரிக்கும் போட்டோவைத் தேர்ந்தெடுத்தேன். சரியான எழுத்துருவைத் தேடியே ஒரு மணி நேரம் போனது. அதற்கிடையில் போனில் இரண்டு குறுஞ்செய்திகள் வந்தன. விண்ணப்பம் முழுமையாகவில்லை என்றன. பார்த்தேன். பார்க்கவில்லை என்று இன்றுவரை என்னால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. பார்த்துவிட்டு விரலால் தள்ளிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை அரூர் பஸ் ஸ்டாண்டில், மலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுதான் நினைவு வந்தது. அங்கேயே நின்று இணையதளத்தைத் திறந்தேன். தேதி முடிந்துவிட்டது என்று ஒரே ஒரு வரி. உதவி எண்ணுக்கு அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. பெண்கள் கழிப்பறைக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். அவளுக்காக அழவில்லை. மேலே போய் என்ன சொல்வது என்ற பயத்தில் அழுதேன்.

பஸ் நிற்கும் இடத்தில் அவளே வந்து நின்றிருந்தாள். என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டாள்.

"போட்டாச்சுங்களா அக்கா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "போட்டாச்சு" என்று வந்தது.

மீதி இரண்டு வாரமும் அவள் கண்ணைப் பார்க்காமல் ஓட்டினேன். கிளம்பும் நாளில் அவள் அம்மா ஒரு தூக்குவாளி நிறையத் தேன் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லவும் துணிவில்லை.

ஜூலை கடைசியில் அவள் பாறைமேல் ஏறி நின்று என்னைக் கூப்பிட்டாள். காற்றின் இரைச்சலில் பாதிதான் கேட்டது.

"லிஸ்ட் வந்திருச்சாமே அக்கா?"

"வந்திருச்சும்மா. உனக்கு சீட் வரல. மார்க் கொஞ்சம் பத்தல."

"எத்தன மார்க்கு பத்தல?"

யோசிக்கவே இல்லை நான். "ரெண்டு" என்றேன்.

"ரெண்டே ரெண்டா?" என்றாள். பிறகு, "சரிங்க அக்கா, நீங்க இவ்ளோ சிரமப்பட்டீங்க" என்று வைத்துவிட்டாள்.

என் அறிக்கைதான் அந்த வருடம் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கியது. அதைக் காட்டித்தான் தருமபுரியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்து ஆறு வருடம் ஓடிவிட்டது. இப்போது இன்டர்ன்ஷிப்புக்கு வரும் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் வேலை. போன வருடம் அவர்களுக்கு அந்த அறிக்கையை மாதிரியாகக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி அட்டைப் படத்தைப் பார்த்து, "இந்தப் பொண்ணு இப்ப என்ன மேடம் பண்றாங்க?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். அன்று வகுப்பை அதோடு முடித்துக்கொண்டேன். அந்த வாரமே மலைக்குப் போனேன்.

டவர் வந்திருந்தது. சாலை நன்றாக இருந்தது. அவள் மூன்று வருடம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, உள்ளூரிலேயே கல்யாணமாகி, இரண்டு வயதுப் பெண் குழந்தையோடு இருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"அக்கா! நல்லா குண்டாயிட்டீங்க."

உட்காரவைத்து டீ போட எழுந்தாள். வேண்டாம் என்று தடுத்து, நின்றபடியே சொன்னேன். ஏறாத சான்றிதழ், கல்யாணம், குறுஞ்செய்தி, 'போட்டாச்சு' என்று சொன்ன பொய், எல்லாவற்றையும். குழந்தை என் துப்பட்டாவை இழுத்துக்கொண்டிருந்தது. அவள் வந்து அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப அந்த ரெண்டு மார்க்கு?"

"நானா சொன்னதும்மா."

"எந்தப் பாடத்துல விட்டேன்னு எத்தன நாளு யோசிச்சேன் தெரியுங்களா? மிஷின்ல உக்காந்துக்கிட்டு யோசிப்பேன். உயிரியல்ல ஒரு கேள்விய நேரமில்லாம பாதியில விட்டேன், அதுவாத்தான் இருக்கும்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன்." குரல் உயரவே இல்லை. "தேதி போச்சுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, அடுத்த வருசம் நானே போட்டிருப்பேன் அக்கா. எனக்கு மார்க்கு பத்தாதுன்னு நெனச்சுத்தான் விட்டுட்டேன்."

ஆறு வருடமாக நான் வருந்தியது அந்தத் தவறிய தேதிக்காக. ஒரு தேதியில் ஒரு வருடம்தான் போயிருக்கும். மீதியைத் தின்றது என் பொய் என்பது அவள் சொல்லும்வரை எனக்கு உறைக்கவே இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். அவள், "வாங்க, அப்பா வூட்டுக்குப் போலாம். இத அவருகிட்ட சொல்லுங்க" என்று முன்னால் நடந்தாள்.

அவள் அப்பா முற்றத்தில் சாமை மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். "வாங்க டீச்சர்" என்று எழுந்தார். மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாவது முறை சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. அவர் கோணி ஊசியைக் கையில் பிடித்தபடியே கேட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை, மகளைத்தான் பார்த்தார்.

"பந்து வெளாடப் போயி மார்க்க விட்டுட்டன்னு உன்னய எத்தன தடவ பேசியிருக்கேன்" என்றார். "கட்டிக் குடுக்கற அன்னைக்கும் பேசுனேனே, ஆத்தா."

அவள் குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

திரும்பும்போது, வயது இன்னும் தாண்டியிருக்காது, இந்த வருடமே நான் விண்ணப்பம் போட்டுத் தருகிறேன் என்றேன்.

"நீங்க போட வேண்டாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள். "எப்ப வருதுன்னு நானே பாத்துக்கறேன்."

பஸ் வரும்வரை என்னோடு நிற்கவில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்ட வேண்டும் என்று போய்விட்டாள். நான் அவளுக்கு என் நம்பரைக் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அறிக்கையின் அட்டையிலிருந்து அந்தப் போட்டோவை எடுத்துவிட்டேன். அவள் விண்ணப்பம் போட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த ஊருக்குப் போகும் மாணவர்களிடம் விசாரித்துவரச் சொல்லலாம். சொல்லவில்லை.