யாருக்கும் வராத பாசேஜ்

போன சனிக்கிழமை மத்தியானம் புனேயில் கேம்ப் என்கிற பகுதியில் ஒரு ஸ்கூல் வாசலில் காத்துக்கொண்டிருந்தேன். உள்ளே என் மகள் நிவேதா பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் காலேஜ் சேர ஆசைப்படும் பிள்ளைகள் எழுதுகிற நுழைவுத் தேர்வு. கணக்கும் இங்கிலீஷும்தான். ஆனால் காலையில் உள்ளே போன பிள்ளைகளைப் பசிமயக்கத்தில்தான் வெளியே விடுகிறார்கள்.

வாசலில் என்னைப் போல இன்னும் சில அம்மாக்கள். அவர்களுக்குள் காலையிலேயே கூட்டு சேர்ந்துவிட்டது. ஒருத்தர் டப்பாவைத் திறந்து பாகர்வடி என்கிற காரப் பலகாரத்தை நீட்டினார். எடுத்துக்கொண்டேன். எந்த ஊர் என்று ஹிந்தியில் கேட்டார். சொன்னேன். பிறகு எல்லோரும் மராத்தியில் மாமியார் கதைக்குத் தாவிவிட்டார்கள். மாமியார் கதை எந்த மொழியில் இருந்தாலும் பாதி புரிந்துவிடும்... ஆனால் எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. பதிலுக்கு என் மாமியாரைப் பற்றிச் சொல்லலாம் என்றால், என் ஹிந்தி மூன்று வாக்கியத்துக்கு மேல் தாங்காது. மாமியாருக்கு மூன்று வாக்கியம் போதுமா?

கோயமுத்தூரிலிருந்து புனே பக்கத்து நிக்டிக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. என் வீட்டுக்காரருக்கு மாற்றல். வந்த கொஞ்ச நாளிலேயே கம்பெனி அவரை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டது — எங்கள் இருவரையும் இங்கே நட்டுவிட்டு. எனக்காவது வாரா வாரம் இந்தப் பத்தியில் பேச வாசகர்கள் நீங்கள் இருக்கிறீர்கள். நிவேதாவுக்கு? ப்ளஸ் ஒன்னில் புது ஸ்கூல். கூடப் படிக்கிறவர்கள் எல்லோரும் எல்கேஜியிலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்கள். இந்த இரண்டு வருடத்தில் எங்கள் வீட்டு போனில் அவளைக் கேட்டு ஒரு அழைப்புகூட வந்ததில்லை.

அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அன்று எனக்கு அவள் மார்க்கைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. வெளியே வரும்போது நாலு பேரோடு பேசிக்கொண்டு வருவாளா? அதுதான் என் கவலை.

பரீட்சை முடிந்த வாசல் மாதிரி சிநேகம் பிடிக்கத் தோதான இடம் எது? கல்யாண வீட்டில்கூட, 'நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா' என்று விசாரித்துத்தான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும். இங்கே அதெல்லாம் வேண்டாம். "உனக்கு என்ன வந்தது?" என்று கேட்டால் போதும். முன்பின் தெரியாதவன்கூட நின்று பதில் சொல்வான்.

மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே வந்தார்கள். நாலு எட்டு வைப்பதற்குள் வட்டம் கூடிவிட்டது. இங்கிலீஷ் பகுதியில் ஒரு பக்கத்துக்கு ஏதாவது கதையோ கட்டுரையோ கொடுத்து, கீழே கேள்வி கேட்பார்கள். அதற்குப் பெயர் பாசேஜ். அந்தப் பாசேஜ்களில்தான் சண்டையே, எல்லாம் இங்கிலீஷில்.

"பாலம் கட்டின கதையில, எழுதினவரோட டோன் என்ன? கிண்டல்தானே?"

"இல்லடா, வருத்தம்!"

"நானும் வருத்தம்!"

வருத்தம் போட்டவர்களெல்லாம் சந்தோஷத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

விடை சரியா என்று தெரிந்துகொள்ளவா இந்தப் பாடு? அங்கே யாருக்குமே சரியான விடை தெரியாது. தனியாகத் தப்புச் செய்திருந்தால் பயமாக இருக்கும். நாலு பேர் அதே தப்பைச் செய்திருந்தால் தைரியம் வந்துவிடும். ஊரோடு ஒத்து வாழ் என்று சும்மாவா சொன்னார்கள்?

நிவேதா வட்டத்தின் ஓரத்தில் வந்து நின்றாள். வழக்கமாக அப்படியே சுற்றிக்கொண்டு என்னிடம் வந்துவிடுவாள். அன்று வரவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு, இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து உள்ளே போனாள். அவள் முகத்தில் அப்படி ஒரு ஆர்வத்தை இந்த ஊரில் நான் பார்த்ததே இல்லை.

"அந்த ரெண்டு டீ கப் பாசேஜ்... எவ்ளோ நல்லா இருந்தது இல்ல? லாஸ்ட் கொஸ்டினுக்கு என்ன போட்டீங்க?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

வட்டம் மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

"எந்த டீ கப்?"

"அப்படி ஒண்ணு வரவே இல்லையே."

நிவேதாவின் முகம் வெளுத்துவிட்டது. வேறு யாருடைய பேப்பரையோ எழுதிவிட்டோமோ என்று பயந்திருக்கிறாள், பாவம். உயரமாக ஒரு பெண்தான் விளக்கினாள். இந்தத் தேர்வில் ஒரு பகுதி மார்க்கில் சேராதாம். அடுத்தடுத்த தேர்வுகளுக்கான கேள்விகளைப் பிள்ளைகளிடம் கொடுத்து வெள்ளோட்டம் பார்ப்பார்களாம். எது அந்தப் பகுதி என்று சொல்ல மாட்டார்கள். எல்லோருக்கும் ஒன்றே வராது. வெளியே வந்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"எங்க எல்லாருக்கும் எக்ஸ்ட்ரா மேத்ஸ். உனக்கு மட்டும் எக்ஸ்ட்ரா ரீடிங். அது டம்மி. கவுன்ட் ஆகாது, மறந்துடு," என்றாள். நல்லபடியாகத்தான் சொன்னாள்.

பேச்சு மறுபடி பாலத்துக்குப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் வடாபாவ் கடைப் பக்கம் நகர்ந்தார்கள். நிவேதாவை யாரும் வராதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. அவள் என்னிடம் வந்து, "போலாமா?" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"பாலம் பாசேஜ் உனக்கும் வந்திருக்குமில்ல அம்மிணி? அதைப் பேசியிருக்கலாமே?"

"அது நல்லாவே இல்லம்மா."

"சரி, உன்ற டீ கப் கதையை எனக்குச் சொல்லு."

சந்தேகமாகத்தான் என்னைப் பார்த்தாள். ஆனாலும் சொன்னாள். ஏதோ ஒரு குளிர் தேசம். புதிதாகக் குடிவந்த ஒரு பெண். தினமும் சாயங்காலம் ஜன்னலோர மேஜையில் இரண்டு கப் வைக்கிறாள். இரண்டிலும் டீ ஊற்றுகிறாள். யாரும் வருவதில்லை. ஒன்றைக் குடித்துவிட்டு, ஆறிப்போன இன்னொன்றைக் கொட்டிவிடுகிறாள்.

"அவ ஏன் ரெண்டு கப் வைக்கிறா? அதான் கேள்வி. அஞ்சு ஆப்ஷன்," என்றாள்.

"ஊர்ல இல்லாத புருஷன் ஞாபகமா இருக்கும்," என்றேன். யோசிக்கவே இல்லை நான்.

"கதையில புருஷனே இல்லம்மா."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அப்ப பழக்கதோஷம். ரெண்டு பேருக்குப் போட்டுப் பழகின கை."

"அது ஆப்ஷன் பி. எல்லாரும் அதுலதான் விழுவாங்க."

"நீ என்ன போட்டே?"

"எதிர் வீட்டு ஜன்னல்ல இருந்து பாக்கிறவங்க, இவளுக்கு யாரோ கெஸ்ட் வர்றாங்கன்னு நினைக்கணும். அதுக்குத்தான்."

"அப்படின்னு கதையில எழுதியிருக்கா?"

"இல்ல. அவ கர்ட்டனை மூடவே மாட்டான்னு ஒரு வரி இருந்தது."

"அந்த ஒரு வரியை வெச்சு எப்படிக் கண்ணு கண்டுபிடிச்சே?"

பஸ் கசார்வாடி சிக்னலில் நின்றது. அவள் ஜன்னலுக்கு வெளியே இருந்த ஒர்க்‌ஷாப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"லஞ்ச் பிரேக்ல நான் லைப்ரரிக்குப் போவேன்ல... காரிடார்ல வேகமா நடப்பேன்மா. அங்க எனக்காக யாரோ வெயிட் பண்ற மாதிரி."

ஸ்கூலுக்குப் போகிறாள், வருகிறாள், சாப்பிடுகிறாள், ரேங்க் வாங்குகிறாள், பழகிக்கொண்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் நாலு பேர் பார்க்க அம்மா கையைப் பிடித்தால் உடனே உதறுகிற வயசு. நிக்டி வரைக்கும் உதறவில்லை.

ரிசல்ட் வர இன்னும் சில வாரம் ஆகும். பாலத்துக்கு மார்க் வரும், கணக்குக்கு மார்க் வரும். அதைப் பார்த்துத்தான் காலேஜ்கள் இவளை எடைபோடும். டீ கப் கேள்விக்கு இவள் போட்ட விடை சரியா தப்பா என்று யாரும் சொல்லப்போவதில்லை. டம்மி பகுதியாயிற்றே! எனக்கு அது ஆறவே இல்லை. அன்று அந்த வாசலில் இருந்த பிள்ளைகளில் அந்தக் குளிர் தேசத்துப் பெண்ணைத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். அவளைப் பற்றிப் பேசத்தான் இவளுக்கு ஒரு ஆள் கிடைக்கவில்லை. நான் இருக்கிறேன், கேட்டேன், சண்டைகூடப் போட்டேன். ஆனால் நான் அம்மா. பதினேழு வயசில் அம்மா கணக்கில் சேர்த்தியா என்ன?

ஆனால் ஒன்று. அந்தப் பாசேஜை ஒரே ஒரு பெண்ணுக்காகவா அச்சடித்திருப்பார்கள்? சென்னையிலோ மதுரையிலோ இன்னொரு வாசலில், "எந்த டீ கப்?" என்று கேட்டுவிட்டு நாலு பேர் நகர்ந்துபோயிருப்பார்கள். அங்கேயும் ஒரு பிள்ளை விழித்துக்கொண்டு நின்றிருக்கும். அந்தப் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், பத்திரிகை விலாசத்துக்கு நிவேதா பெயர் போட்டு ஒரு கார்டு எழுதச் சொல்லுங்கள் — விடையெல்லாம் வேண்டாம், 'எனக்கும் அதுதான் வந்தது' என்று ஒரு வரி போதும்.