டீசலில் துடைத்த போர்வை

மணிக்கட்டில் செவ்வெறும்பு ஊர்கிற மாதிரி ஓர் அரிப்பு... முதல் வேலை என்றாலே எனக்கு அதுதான் ஞாபகம்.

நெய்வேலியில் ஒரு கான்ட்ராக்டரின் ஷெட். வெல்டிங் செய்யும்போது தீப்பொறி படாமல் போர்த்துகிற கண்ணாடி இழைப் போர்வைகளைச் சுத்தம் செய்வது என் பொறுப்பு. சிரிக்காதீர்கள். "இதுக்கா டிப்ளமோ படிச்ச?" என்று எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் கேட்காத ஆளில்லை.

ஆனால் அதற்கும் ஒரு பக்குவம் உண்டு. நிலக்கரித் தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, தண்ணீரில் அலசி, பிழியாமல் நிழலில் தொங்கவிட வேண்டும். மடித்தால் இழை உடையும், அதனால் சுருட்டித்தான் வைப்போம். முழுக்கைச் சட்டை போட்டாலும் அரிப்பு மட்டும் நிற்காது.

ஒருநாள், மறுநாள் சேஃப்டி ஆபீசர் வருகிறார் என்றார்கள். ஒரு போர்வையில் கிரீஸ் கறை... என்ன தேய்த்தும் போகவில்லை. எங்கள் ஷெட்டில் கையில் கிரீஸ் பட்டால் எல்லோரும் டீசல் போட்டுத்தான் கழுவுவார்கள். நானும் அதே பழக்கத்தில் துணியை டீசலில் நனைத்துத் துடைத்தேன். கறை போன இடம் தெரியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை!

மறுநாள் ஆபீசர் முன்னால் வெல்டர் கோபி அண்ணன் அதே போர்வையைத் தோளில் போர்த்திக்கொண்டு குழாய்க்கு அடியில் உட்கார்ந்தார். ஷெட் முழுக்கவே டீசல் வாடை என்பதால் அவருக்குத் தனியாகத் தெரியவில்லை.

ஒரு பொறி பட்டால் டீசல் ஊறிய போர்வை பற்றிக்கொள்ளுமே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்னால் என் கேட் பாஸ் போய்விடும். அப்பா ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டிருந்த நேரம் அது. வீட்டில் நான் ஒருத்திதான் வேலைக்குப் போகிறவள்.

அவர் வெல்டிங்கைத் தொடங்க முகமூடியை முகத்துக்கு இறக்கினார்.

"அண்ணே, வேணாம்! அதுல டீசல் போட்டுத் தொடச்சிட்டேன்!"

ஷெட்டே திரும்பிப் பார்த்தது. அவர் போர்வையை உதறிப் போட்டுவிட்டு எழுந்தார். "ஏம்மா, என்னக் கொளுத்தவா பாத்த? வூட்டுல ரெண்டு புள்ளைங்க கீதும்மா..." நான் அழுதுவிட்டேன்.

ஒரு வாரம் என்னை உள்ளே விடவில்லை. திரும்பி வந்த அன்று அழுக்குப் போர்வையைக் கொண்டுவந்து கோபி அண்ணனே என் கையில் கொடுத்தார். வேறு ஆளிடம் கொடுக்கச் சொன்ன சூப்பர்வைசரிடம், "இந்தப் பொண்ணே தொவைக்கட்டுங்க. தப்பு பண்ணா வாயத் தொறந்து சொல்லிடுது. எனக்கு அது போதும்" என்றார்.

அதற்குப் பிறகு, "யாரு தொவச்சது?" என்று கேட்டு, என் பெயரைச் சொன்னால்தான் போர்த்திக்கொள்வார்.

இப்போது சென்னையில் ஏசி ஆபீஸ், லேப்டாப், பெரிய சம்பளம். போன மாதம் ஒரு ரிப்போர்ட்டில் தப்புச் செய்தேன். யார் செய்தது என்று யாருக்கும் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை...

அன்று அத்தனை பேர் முன்னால் கத்திய அந்தப் பெண்ணை நினைத்தால் இன்று எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது.