கணக்கில் வராத நான்கு குண்டுகள்

நான் ஏழாவது படித்தபோது மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஓர் ஏர்கன் வாங்கி வந்தார். பழையதுதான். ஆனால் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் எங்கள் தெருவில் நடந்த நடையைப் பார்த்தவர்கள், உத்திரமேரூர் ஏரிக்கரையில் புலி இறங்கிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். இறங்கியிருந்தவை கிளிகள். நெல் முற்றும் நேரத்தில் கூட்டமாக வந்து கதிரைக் கடித்துப் போட்டன.

கிளியைச் சுடுவது பாவம் என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள். அதனால் மாமா வயலுக்கு நடுவில் ஒரு கழி நட்டு, காலி எண்ணெய் டின் ஒன்றைக் கட்டினார். வரப்பிலிருந்து டின்னைச் சுட்டால் 'டங்' என்று சத்தம் வரும், கிளிகள் கிளம்பிவிடும். லீவு நாட்களில் அந்த வேலை என்னுடையதாயிற்று. மாமாவுக்குப் பொறுமை கிடையாது. எனக்கு வேறு வேலை கிடையாது.

அந்த ஏர்கன்னுக்கு ஒரு குணம் இருந்தது. குண்டு எப்போதும் இடப்பக்கம் இழுக்கும். டின்னில் பட வேண்டுமானால் டின்னுக்கு வலப்பக்கம் கொஞ்சம் தள்ளிக் குறி பார்க்க வேண்டும். துப்பாக்கி என்றாலே அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன். மாமாவும் அப்படித்தான் நினைத்திருந்தார். அவருக்கும் அதுதான் முதல் துப்பாக்கி.

இன்னொரு சட்டமும் உண்டு. ஒரு டப்பா குண்டு அறுவடை வரைக்கும் வர வேண்டும். டின் சத்தம் போடாத ஒவ்வொரு குண்டுக்கும் எனக்குத் திட்டு விழும். "ஒண்ணு சுட்டாலும் டின்னுல படணும், இன்னா?" என்பார். போகப் போக எனக்குத் திட்டு விழவில்லை.

அம்மாவுக்கு அந்தப் பொருள் வீட்டில் இருப்பதே பிடிக்கவில்லை. அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். அப்போதுதான் மாமாவின் வாட்ஸ்ஆப்பில் ஒரு நோட்டீஸ் வந்தது. காஞ்சிபுரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரைபிள் போட்டி. மாமா என் பேரைக் கொடுத்துவிட்டு வந்துதான் அம்மாவிடம் சொன்னார்.

"மெடலோட வந்தா அது இங்கயே இருக்கட்டும். இல்லன்னா மறுநாளே எடுத்துனு பூடணும். வூட்ல அதக் கண்டாலே எனுக்கு பேஜாரா கீது."

"வந்துடும்க்கா. பாப்பா கை அசையவே அசையாது."

எனக்கு மெடல் மேல் ஆசையில்லை. ஏர்கன் போய்விடக் கூடாது, அவ்வளவுதான். அந்த வயதில் வேறு எதையும் நான் அப்படி விரும்பியதில்லை.

உரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோனோம். மோட்டார் பைப்பா என்று கண்டக்டர் கேட்டார். ஆமாம் என்றார் மாமா. போட்டி நடந்த ஹாலில் தொப்பி போட்ட ஒரு மேடம் சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இதன் குழல் வாய் பெரிது, இங்கே செல்லாது என்று சொல்லி கிளப் துப்பாக்கி ஒன்றைக் கொடுத்தார். மாமாவின் முகம் சுருங்கியது. மாப்பிள்ளையை மண்டப வாசலில் நிறுத்திவைத்ததுபோல அந்தச் சாக்கு கதவோரம் சாய்ந்து நின்றது.

பத்து மீட்டர் தூரத்தில் ஒரு அட்டை, அதில் கறுப்பு வட்டம். மேடம் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்: "மொதல் நாலு குண்டு ட்ரையல். அது ஸ்கோர்ல வராது. அப்புறம் அட்டை மாத்திட்டு பத்து குண்டு."

கணக்கில் வராத குண்டை யாராவது சுடுவார்களா? பக்கத்துப் பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சுட்டு, கயிற்றை இழுத்து அட்டையைக் கிட்டே வரவழைத்துப் பார்த்தார்கள். தங்கள் கை மேல் அவர்களுக்கே நம்பிக்கை இல்லை போலிருக்கிறது என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது. என் நான்கு குண்டுகளையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். மாமாவுக்கு ஆகும்.

பிறகு பத்தும் சுட்டேன். வட்டத்துக்கு வலப்பக்கம் தள்ளிக் குறி பார்த்து, மூச்சைப் பிடித்து, வரப்பில் செய்வதை அப்படியே செய்தேன். அட்டை 'டங்' என்று சொல்லவில்லை. பட்டதா இல்லையா என்று தெரியாதது மட்டும் ஒரு மாதிரியாக இருந்தது.

மேடம் என் அட்டையை எடுத்துவந்தார். கறுப்பு வட்டத்துக்குள் ஒன்றுமே இல்லை. வலப்பக்கம், வெள்ளையில், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே கிழிசலாக இருந்தது. அவர் தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்தார். கிழிசல் மறைந்துவிட்டது. இன்னொருவரைக் கூப்பிட்டு அவரிடமும் அப்படியே வைத்துக் காட்டினார். என்னைக் கேலி செய்கிறார்கள் என்று எனக்கு அழுகை வந்தது.

"ட்ரையல் சுட்டியாம்மா?"

"இல்ல மேடம்."

"ஏன்?"

"வேஸ்ட்டு மேடம்."

அவர் பிறகு மாமாவிடம் திரும்பி, "அடுத்த வருஷம் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க சார். மறந்துடாதீங்க" என்றார்.

எனக்குக் கடைசி இடம். எல்லோருக்கும் கொடுக்கிற சர்டிபிகேட் எனக்கும் கிடைத்தது. திரும்பும் பஸ் பாலாற்றுப் பாலம் தாண்டியது. மாமா, "அந்தம்மா எல்லார்கிட்டயும் அப்டித்தான் சொல்லும். நீ ஒண்ணும் நெனச்சுக்காத" என்றார்.

அம்மா சர்டிபிகேட்டை வாங்கிப் பார்த்து பீரோவில் வைத்தாள். சொன்ன சொல்லையும் மாற்றவில்லை. மறுநாள் காலை மாமா ஏர்கன்னைச் சாக்கில் சுற்றும்போது, கைக்குட்டையை அவிழ்த்து நான்கு குண்டுகளையும் அவர் கையில் வைத்தேன். ஒன்றைக் குழலில் போட்டுப் பார்த்தார். அது குழலைவிடச் சின்னது, மறுமுனை வழியாக உருண்டு தரையில் விழுந்தது. இரண்டு நாளில் மாமா அப்போதுதான் சிரித்தார். "நீயே வெச்சிக்க பாப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு சாக்கைத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த வருடம் போட்டியைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேச்செடுக்கவில்லை.

கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எல்லாக் குண்டையும் ஒரே இடத்தில் போடுவதுதான் கைக்குக் கஷ்டமான வேலையாம். அந்த இடத்தை நடுவுக்குக் கொண்டுவர துப்பாக்கியிலேயே ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதைத் திருப்பிச் சரிபார்க்கத்தான் ட்ரையல் கொடுக்கிறார்கள். மாமாவின் ஏர்கன்னிலும் அந்தத் திருகு இருந்தது. வாரா வாரம் அதற்கு எண்ணெய் போட்டார், திருகிப் பார்த்ததில்லை.

அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. மாமாவின் சாக்கு தெருமுனையில் திரும்பும்வரை வாசலில் நின்றிருந்தேன். நான்கு குண்டுகளும் என் கையில் இருந்தன. தோற்றாலும் நான்கை மிச்சம் பிடித்தேனே, அதை ஒருவர்கூடச் சொல்லவில்லையே என்றுதான் அப்போது வருத்தப்பட்டேன்.